மலைக்காட்டு வைத்தியம் கற்கப் போகிறீர்களா? அகத்தியமலைக்கு முதல் பயணம், படிப்படியாக

தமிழ்நாட்டுப் பக்கம் களக்காடு முண்டந்துறை, கேரளப் பக்கம் நெய்யாறு, பேப்பாறை. இந்தக் காடுகளில் வாழும் பழங்குடிகளான காணிக்காரர்களிடம் அவர்களுடைய வைத்தியத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து யாரும் வைத்தியராக முடியாது. ஆனால் ஒரு வைத்தியர் நோயாளியை எப்படிப் பார்க்கிறார், காட்டுக்குள் கால் வைத்ததும் எதைக் கவனிக்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வரலாம். சரியாகப் போனால் அதுவே நிறைய.

கடந்த சில ஆண்டுகளில் மாணவர்களும் சித்த மருத்துவம் படிப்பவர்களும் வேறு வேலையில் இருக்கும் ஆர்வலர்களுமாகப் பலருடன் போய்வந்திருக்கிறேன். பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முதலில் செடி, அப்புறம் மனிதர், கடைசியில் அனுமதி என்று போகிறார்கள். அனுமதி, மனிதர், செடி என்று போனால்தான் மலை திறக்கும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

“மூலிகை எல்லாம் கற்றுக்கொள்ள வந்தேன்” என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இரண்டு நல்ல செடியைக் காட்டி அனுப்பிவிடுவார்.

ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு, குழந்தைகளின் வயிற்றுக் கோளாறு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குப் பத்தியம் என்று ஏதாவது ஒன்று. பிரசவம், குழந்தை என்றால் பெண்களிடம் கேட்க வேண்டியிருக்கும். அப்போது உங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். இதை முதலிலேயே முடிவு செய்தால்தான் யாருடன் போவது, யாரைப் பார்ப்பது என்ற அடுத்த இரண்டும் தெளிவாகும்.

2. சட்டம் உங்களை எந்த வரிசையில் வைக்கிறது என்று பாருங்கள்

பலரும் கடைசியில் பார்ப்பது இதைத்தான். இதனாலேயே வாசலோடு திரும்பியவர்கள் உண்டு.

முதலாவது, காட்டுக்குள் நுழைவது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். பாபநாசம் சோதனைச் சாவடியில் கிடைக்கும் சுற்றுலா அனுமதி பகலில் குறிப்பிட்ட இடங்களுக்குப் போய்த் திரும்ப மட்டுமே. அதைக் கையில் வைத்துக்கொண்டு குடியிருப்பில் இரவு தங்க முடியாது, வைத்தியருடன் காட்டுக்குள் நடக்கவும் முடியாது. சரணாலயத்துக்குள் ஆய்வு, படம் எடுப்பது, அங்கே வசிப்பவர்களுடன் காரியம் ஆகிய எல்லாவற்றுக்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். விண்ணப்பம் தலைமை வனஉயிரினக் காப்பாளர் வரை போகும். மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். கேரளத்தில் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும் அகத்தியர்கூட மலையேற்றத்துக்கான சீட்டு அந்தப் பாதைக்கு மட்டும்தான். அதை வைத்து வேறு எங்கும் போகக் கூடாது.

இரண்டாவது, அறிவை எடுத்துக்கொண்டு வருவது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டம் செடியை மட்டுமல்ல, செடியைச் சார்ந்த அறிவையும் சேர்த்தே பேசுகிறது. வெளிநாட்டுக் குடிமக்கள் ஆய்வுக்காக அந்த அறிவைப் பெறுவதென்றாலும் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் உங்களுக்கும் இதே விதிதான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் நம்மவர்கள் “நான் இந்தியன்தானே” என்று நினைத்து மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மூன்றாவது, மக்களின் உரிமை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று எழுதியே வைத்திருக்கிறது. ஆகவே வனத்துறைச் சீட்டு உங்களுக்குக் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் பேசுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

அனுமதி கிடைக்கும்வரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு அடுத்தடுத்த படிகளில் வேலை இருக்கிறது.

3. காலம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இந்த மலைக்கு இரண்டும் உண்டு. ஓடைகள் பெருகினால் குடியிருப்புகளுக்குப் போகும் வழி அறுந்துவிடும். கோடையில் காட்டுத்தீ ஆபத்து. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் இறந்த பிறகு இதில் கெடுபிடி அதிகம். அது தேவையான கெடுபிடி.

முதல் பயணத்துக்கு ஜனவரி இரண்டாம் பாதியும் பிப்ரவரித் தொடக்கமும் நல்லது. ஆடி அமாவாசையை ஒட்டிப் போக வேண்டாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அத்தனை கூட்டம் மலையேறும் நாட்களில் உங்களுடன் உட்கார்ந்து பேச யாருக்கும் நேரம் இருக்காது.

4. கிளம்புவதற்கு முன் முப்பது செடி

ஒன்றுமே தெரியாமல் போனால் வைத்தியரின் நேரம் முழுவதும் “இது துளசி, இது நொச்சி” என்பதிலேயே போய்விடும். ஊரில் வேலியோரம் கிடைக்கும் முப்பது செடிகளை இலை, பூ, காய், வேர் என்று நான்கு நிலையிலும் அடையாளம் காணப் பழகுங்கள். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் இரண்டு நாள் சுற்றுவது, மலையில் முதல் இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

ஒன்றைப் பார்த்தால் அதைப் போலிருக்கும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தப் பழக்கத்தின் உயிர். கீழாநெல்லியைக் கையில் எடுத்து அந்தக் குட்டிக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில், கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயரே அதைத்தான் சொல்கிறது. நன்னாரி வேரும் மாகாளிக் கிழங்கும் முகர்ந்தால் ஏறக்குறைய ஒரே வாசம். ஆனால் நன்னாரி வேர் கம்பி போல மெலிந்து முறுக்கிக்கொண்டிருக்கும், மாகாளி விரல் பருமனுக்குச் சதையோடு இருக்கும். அசோக மரம் என்று பலர் காட்டுவது நெட்டிலிங்கம். பட்டை வாங்கும் இடத்திலேயே இந்தக் குழப்பம் நடக்கிறது. அடியில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் மலையில் பாதி வேலை முடிந்தது.

எடுத்துப்போக வேண்டியவை குறைவுதான். அட்டைக்கு முழங்கால்வரை வரும் துணிக் காலுறை, கொஞ்சம் உப்பு, பென்சில் (மழையில் பேனா மை கரைந்துவிடும்), மங்கிய நிறத்தில் உடை, உங்கள் வழக்கமான மாத்திரைகள். அட்டை ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், நகத்தால் மெல்ல நெம்பிவிடுங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். யானைக்கு நீங்கள் வருவது தெரிகிறதோ இல்லையோ, வாசனை வழியாகவே வழிகாட்டும் வைத்தியருக்கு அது பெரிய தொந்தரவு. பிளாஸ்டிக்கைச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

5. நடுவில் ஒருவர்

நேராகக் குடியிருப்புக்குள் போய் நிற்காதீர்கள். அங்கே ஏற்கெனவே பழகிய ஒருவர் உங்களைப் பற்றி முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பள்ளி ஆசிரியராக இருக்கலாம், சுகாதாரச் செவிலியராக இருக்கலாம், அங்கே பல வருடமாக வேலை செய்யும் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர் பதிவேடு அவர்கள் பொறுப்பு. அவர்களைப் பார்ப்பதும் நல்ல தொடக்கம்.

சுற்றுலா வழிகாட்டியை இந்த வேலைக்கு அமர்த்துவது பெரும் பிழை. என் முதல் பயணத்தில் அப்படித்தான் ஒருவருடன் போனேன். அவர் “சார் டாக்டர், எல்லா நோய்க்கும் மருந்து கண்டுபிடிக்க வந்திருக்காரு” என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் திருத்தவில்லை, மரியாதைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அன்று மாலை பேசியவர்கள் எல்லோரும் மருந்துக் கம்பெனி ஆளிடம் பேசுவது போலத்தான் பேசினார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கழுவ எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. நடுவில் இருப்பவரிடம் உங்களைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு வரியில் சொல்லிக் கொடுங்கள். தவறாகச் சொன்னால் அங்கேயே, அப்போதே திருத்துங்கள்.

6. முதல் நாள்: நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும்

முதலில் மூட்டுக்காணியைப் பாருங்கள். குடியிருப்பின் தலைவர் அவர். வைத்தியரைப் பிளாத்தி என்பார்கள். தலைவரைப் பார்க்காமல் பிளாத்தியிடம் போனால், அவருக்குப் பேச விருப்பம் இருந்தாலும் பேச முடியாத இக்கட்டில் வைத்துவிடுவீர்கள்.

யார், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன தெரிந்துகொள்ள ஆசை, எத்தனை நாள், கேட்டதை என்ன செய்யப் போகிறீர்கள். இந்த ஐந்தையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கடைசிக் கேள்வியில்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள். “சும்மா தெரிஞ்சுக்கத்தான் அய்யா” என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் காணொளி போடுகிறவர்களை அவர்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். எழுதப் போகிறீர்கள் என்றால் எழுதப் போகிறேன் என்றே சொல்லுங்கள்.

பெரியவர்களை அய்யா, பாட்டி, அக்கா என்று அழைத்தால் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். மரவள்ளிக் கிழங்கும் சுக்குக் காப்பியும் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிடுங்கள். அன்று வைத்தியம் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் தூங்கப் போனால் அது வீணான நாள் இல்லை. மறுநாள் யார் உங்களைக் கூட்டிப்போவது என்று அன்று இரவுதான் அவர்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள்.

7. நடக்கும்போது

ஆளுக்கு முன்னால் போகாதீர்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். வைத்தியர் நின்றால் நில்லுங்கள். செடிக்காக நின்றாரா யானைக்காக நின்றாரா என்று உங்களுக்குத் தெரியாது.

புதிதாக வருபவர்கள் கண்ணில் பட்ட செடியை எல்லாம் காட்டி “இது எதுக்கு?” என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். “எல்லாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெரியவர் நடந்துகொண்டே இருந்தார். அந்தக் கேள்வி தவறானது என்று புரிய நாளாயிற்று. அவருடைய மனதில் செடிக்கு எதிரே நோய் எழுதிவைத்த பட்டியல் இல்லை. ஒரு ஆள் வருகிறார், அவர் வயது, உடம்புச் சூடு, நேற்று என்ன சாப்பிட்டார், எத்தனை நாளாக என்று கேட்ட பிறகுதான் எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எதோடு சேர்த்து என்பதே தோன்றுகிறது. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: “போன தடவை இந்தக் காய்ச்சலோடு யார் வந்தாங்க அய்யா? அப்போ என்ன செஞ்சீங்க?” கதையாகச் சொல்வார். அதில் அளவு, நேரம், பத்தியம், பலிக்காமல் போனது எல்லாம் தானாக வந்துவிடும். பலிக்காமல் போனதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

எதையும் நீங்களாகப் பறிக்காதீர்கள். சரணாலயத்துக்குள் அது குற்றம், அது ஒருபக்கம். எந்தச் செடியை எந்த மாதத்தில் எடுக்கலாம், வேரில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. நீங்கள் பிடுங்கும் ஒரு வேர் அவர்கள் அடுத்த வருடத்துக்கு என்று விட்டுவைத்ததாக இருக்கலாம்.

அவர் கையால் கொடுக்காத எதையும் வாயில் வைக்காதீர்கள். செங்காந்தள் நம் மாநில மலர், அழகு. அதன் கிழங்கில் உள்ள கொல்ச்சிசின் என்ற நஞ்சு ஆளைக் கொல்லும். உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. ஆடுதீண்டாப்பாளை மருந்துச் செடி என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காட்டில் ‘மருந்து’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே நஞ்சு நிற்கிறது.

அவர் கொடுத்தால் அது வேறு. அடிவாரத்தில் ஒருமுறை சிறுகுறிஞ்சான் இலை இரண்டைக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னார். கசப்பு. சற்று நேரம் கழித்து என் பையிலிருந்த சர்க்கரையை எடுத்து நாக்கில் போடச் சொன்னார். மணல் போல நறநறவென்று இருந்தது, இனிப்பே இல்லை. ஏறக்குறைய அரைமணி நேரம் அப்படித்தான். எத்தனையோ முறை படித்திருந்த சர்க்கரைக்கொல்லி என்ற பெயரின் பொருள் அன்று நாக்கில் தெரிந்தது. அதற்காக ஊருக்கு வந்து சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த இலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தப் பெரியவரே அதை அப்படிக் கொடுப்பதில்லை.

8. பாட்டும் மருந்துதான்

காணிக்காரர் வைத்தியத்தில் சாற்றுப்பாட்டு என்று ஒன்று உண்டு. கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டே இரவெல்லாம் பாடுவார்கள். நோயுற்றவரைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

இதைக் கலைநிகழ்ச்சி போல “ஒருமுறை பாடிக் காட்டுங்கள்” என்று கேட்காதீர்கள். அழைத்தால் ஓரமாக உட்காருங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். இலையை மட்டும் குறித்துக்கொண்டு பாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் அந்த வைத்தியத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். நோயாளி தனியாக விடப்படவில்லை என்பதை அந்த இரவு முழுவதும் காதால் கேட்டேன்.

9. பெயரை எழுதும் முறை

அவர்கள் சொன்ன பெயரை, சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். நீங்களாக ஒரு தாவரவியல் பெயரை அங்கேயே பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். மலையின் இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் இன்னொன்று. ஒரே பெயரில் இரண்டு செடிகளும் இருக்கும். பிரம்மி என்றால் நம்மில் நீர்ப்பிரம்மி, வடக்கே பலருக்கு அது வல்லாரை.

பெயருக்குக் கீழே நான்கு வரி: எங்கே நின்றது (ஓடையோரமா, பாறையா, நிழலா), எந்தப் பாகம், யார் சொன்னது, எந்தத் தேதி. இலைக் காம்பிலிருந்து பால் வந்ததா என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க உங்களுக்கு அனுமதி இருந்தால் பூவும் இலையும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ, திருச்சியில் உள்ள ராபினாட் உலர்தாவரகத்திலோ அடையாளம் கேட்கலாம். கைபேசிச் செயலி சொல்லும் பெயரை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

10. நோட்டில் மூன்று பகுதி

என் நோட்டை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். வெளியே சொல்லலாம் என்று அவர்கள் சொன்னது முதல் பகுதி. எனக்காக மட்டும் சொன்னது இரண்டாவது. மூன்றாவது பகுதியில் எதுவுமே எழுதியிருக்காது, தேதி மட்டும் இருக்கும். “இது உன் காதோட போகட்டும்” என்று சொன்ன நாட்கள் அவை.

ஒவ்வொரு நாள் முடிவிலும் எது எந்தப் பகுதி என்று கேட்டுவிடுங்கள். கிளம்பும் நாளில் மொத்தமாகக் கேட்டால் அலுப்பில் “எல்லாம் போட்டுக்கோ” என்பார்கள். அது சம்மதம் இல்லை. ஒலிப்பதிவு செய்தால் முதலில் சம்மதம் கேட்பதும் அவர் பதில் சொல்வதும் பதிவில் இருக்கட்டும். படங்களில் இருப்பிடக் குறியீட்டை அணைத்துவிடுங்கள். அரிய செடி நிற்கும் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த பருவத்தில் அங்கே வெறும் குழிதான் இருக்கும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், இந்த மலையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1987இல் காட்டுக்குள் வந்த ஆய்வாளர்கள், உடன் வந்த காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அப்புறம் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதியைச் சமூகத்துக்குக் கொடுப்பது என்று ஏற்பாடாகி, 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளை உருவானது. உலகம் பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால் இரண்டு மூன்று பேர் சொன்னது எல்லோருடைய சம்மதம் ஆகுமா என்ற கேள்வி பிளாத்திகளிடமிருந்தே எழுந்தது. நீங்கள் ஒருவரிடம் கேட்டு எழுதும்போதும் அதே கேள்வி அங்கே நிற்கிறது.

11. பணம்

உங்களுடன் நடக்கும் நாளில் அவருக்கு வேலைக் கூலி போகிறது. ஆகவே ஒரு நாளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, அவ்வட்டாரக் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். ஒரு செடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். எண்ணிக்கைக்குக் காசு என்றால் எண்ணிக்கை கூடும், அறிவு கூடாது. தங்கும் வீட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிப் போங்கள். மது வேண்டவே வேண்டாம், யார் கேட்டாலும்.

12. உடம்புக்கு முடியாமல் போனால்

பாம்பு கடித்தால் ஆளை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, கட்டவோ கீறவோ செய்யாமல், மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வைத்தியரிடம் பச்சிலை கேட்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. மலைக்காட்டுக் குழிவிரியன் கடித்தால் அது உதவாது. அப்படியானாலும் இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள மருத்துவமனைதான் இடம். 108க்கு எந்த இடத்திலிருந்து கைபேசி எடுக்கும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். உள்ளே பல இடங்களில் எடுக்காது.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போய்வந்ததைச் சொல்லுங்கள். உண்ணிக் கடி, எலிக்காய்ச்சல் இரண்டையும் அவர் நினைத்துப் பார்க்க அது உதவும்.

13. மறுபடி ஏறுங்கள்

எழுதியதை வெளியிடுவதற்கு முன் எடுத்துக்கொண்டு போய், அவர்கள் முன் உட்கார்ந்து, மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். என் முதல் குறிப்பை அப்படி வாசித்தபோது பிளாத்தியின் மனைவி நடுவில் நிறுத்தி, “அந்த வேரைக் காயவெச்சு எடுக்கணும்னு யாரு சொன்னா? பச்சையாத்தான்” என்றார். நான் எழுதியது தலைகீழ். நான்கு மாதம் அது சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் பதினொரு திருத்தங்கள், இரண்டு செடிகளை முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். திருத்திய பிரதி ஒன்றைக் குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அதில் அவர்களே பென்சிலால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.